சிறுநீரகமும் ஒரு பெருக்கல் எண்ணும்

சிறுநீரக நோய் சத்தமில்லாமல் வரும் நோய். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் சிறுநீரகத்தை அரித்த பிறகுதான் அறிகுறிகளே தெரியும். அமெரிக்க மக்கள் தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம்தான். ஆனால் அங்கே சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கறுப்பினத்தவர். ஏன் இந்த வேறுபாடு? வறுமை, காப்பீடு இல்லாமை, தாமதமான சிகிச்சை, சிலருக்குப் பரம்பரைக் கூறு என்று காரணங்கள் பல. அவற்றோடு யாரும் எதிர்பார்க்காத ஒரு காரணமும் இருந்தது. அது ஒரு பெருக்கல் எண்!

டயாலிசிஸ் யாருக்கு?

1960களின் தொடக்கத்தில் டயாலிசிஸ் இயந்திரங்கள் மிகக் குறைவு. 1962இல் சியாட்டில் நகரில் யாருக்குச் சிகிச்சை தருவது என்று முடிவு செய்ய ஒரு குழுவே இருந்தது. நோயாளியின் வேலை, வருமானம், தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டன. 1972இல் வந்த சட்டம் இந்த நிலையை மாற்றியது. சிறுநீரகம் செயலிழந்த பெரும்பாலோருக்கு மெடிகேர் திட்டத்தில் அரசே செலவை ஏற்றது. டயாலிசிஸுக்கான கதவு திறந்தது. ஆனால் மாற்று சிறுநீரகத்துக்கான வரிசையில் சமத்துவம் வரவில்லை.

1.21 என்ற எண்

இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவைக் கொண்டு சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுவார்கள். 1,628 நோயாளிகளை வைத்து 1999இல் அப்படி ஒரு சூத்திரம் வெளியானது. அவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 12 சதவீதம். ஒரே அளவு கிரியாட்டினின் இருந்தாலும் அவர்களுடைய சிறுநீரகம் சற்று நன்றாகச் செயல்படுவதாகத் தெரிந்ததால், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையைச் சுமார் 1.21 ஆல் பெருக்கினார்கள். அவர்களுக்குத் தசை அதிகம் என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். 2009இல் வந்த புதிய சூத்திரத்தில் அந்த எண் 1.159 ஆகக் குறைந்தது, ஆனால் நீங்கவில்லை.

இதனால் என்ன ஆயிற்று? மாற்று சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் கணக்கில் சேர, டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும் அல்லது இந்த மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இருவருக்கு வயதும் கிரியாட்டினினும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையருக்கு 20 என்று வந்தால் அவர் வரிசையில் நிற்கலாம். கறுப்பினத்தவருக்கு அதே முடிவு 23 என்று வரும். நோய் இன்னும் முற்றும்வரை அவர் காத்திருக்க வேண்டும். தாய் கறுப்பினம், தந்தை வெள்ளையர் என்றால் எந்த எண்ணைப் போடுவது? சூத்திரத்திடம் பதில் இல்லை.

மாணவர்கள் கேட்ட கேள்வி

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முக்கியமானவர்கள். அதன் பலனாக 2017இல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை இனக் கணக்கைக் கைவிட்டது. 2020இல் வேறு பல மருத்துவமனைகளும் அதே வழியில் சென்றன. எதிர்வாதமும் இருந்தது. பெருக்கலை நீக்கினால் நோய் இல்லாதவர்களையும் நோயாளி என்று சொல்லிவிடுவோமோ, மருந்தளவைத் தேவையின்றிக் குறைப்போமோ என்று சிலர் அஞ்சினர். 2021இல் தேசிய அளவிலான வல்லுநர் குழு, இனம் சேராத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. வயதும் பாலினமும் அதில் தொடர்ந்தன. இனம் மட்டும் நீங்கியது.

இழந்த காலம்

சூத்திரம் மாறினால் இனி வருபவர்களுக்கு நியாயம் கிடைக்கும். ஏற்கெனவே வரிசையில் பின்தங்கியவர்களுக்கு? அதனால் 2023 ஜனவரியில் இன்னொரு விதி வந்தது. பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய பரிசோதனை முடிவுகளை மருத்துவமனைகள் மீண்டும் கணக்கிட்டு, இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தர வேண்டும். 2024 தொடக்கத்துக்குள் 14,000க்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காலம் சேர்க்கப்பட்டது.

வறுமையும் காப்பீட்டுக் குறையும் இதனால் தீர்ந்துவிடவில்லை. எல்லாருக்கும் காலம் திரும்பி வரவும் இல்லை. விதி வரும் முன்பே வரிசையில் நின்று இறந்தவர்களுக்கு எந்தச் சூத்திரமும் எதையும் திருப்பித் தர முடியாது. யாரும் தீங்கு நினைத்து அந்த எண்ணை எழுதவில்லை. கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ஆனாலும் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளின் வாழ்வில் கழித்தலாகவே இருந்தது.