ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்களின் தொழில்நுட்பக் குறைபாடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்கள்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுள் தலையாயது, அவை தொழில்நுட்பத்தில் நலிந்தவை என்பதாகும். மங்கிய காட்சி, தெளிவற்ற ஒலி, உதட்டசைவுடன் பொருந்தாத பேச்சு ஆகியன சுட்டப்பெற்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ் இரசிகருக்குப் பழகிய சென்னைப் படங்களே அளவுகோலாயின. குறைகள் உண்மையே. ஆயின், காரணங்களைப் பகுத்து நோக்காது, திறமையின்மை என்ற ஒரே சொல்லில் அவற்றை அடக்குதல் வரலாற்று நெறியாகாது என்பதே நமது துணிபு.

முதற்கண் கருவியை நோக்குவோம். 1962இல் வெளிவந்த 'சமுதாயம்' 16 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பட்டது. இச்சுருளில் அமையும் ஒரு படத்தின் பரப்பு, 35 மி.மீ. சுருளிலுள்ளதன் நாலிலொரு பங்கினும் குறைவானது. அதனை அரங்கத் திரைக்குப் பெருப்பிக்கையில் சுருளின் மணிகளும் உடன்பெருகுகின்றன. ஒலியும் அவ்வாறே. 35 மி.மீ. சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓட, 16 மி.மீ. சுருள் 36 அடியே ஓடும். தடம் மெதுவாக ஓடுவதால் உயர்ந்த அதிர்வெண்கள் செம்மையாகப் பதியா. சகர ஒலிகள் மழுங்கும். 1963இல் வெளியான 'தோட்டக்காரி' 35 மி.மீ. முறையைக் கைக்கொண்டது.

சிறு முதலீட்டின் இடர் எங்கும் பொதுவானது. அதனை மறைக்கும் வழிகளே வேறுபடுவன. 1972இல் பம்பாயின் ராம்சே சகோதரர் 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' என்னும் பேய்ப்படத்தை வெளியிட்டனர். பேய்க்கதைக்கு இருளும் நிழலும் இயல்பாகவே உரியவை. காட்சியமைப்பின் வறுமையை அவை மூடிவிடும். அதே ஆண்டில் வெளிவந்த 'குத்துவிளக்கு' யாழ்ப்பாணக் குடும்ப வாழ்வைச் சித்திரித்தது. பட்டப்பகலின் வெளிச்சத்தில் நிகழும் குடும்பக் கதைக்கு அத்தகைய மறைப்பு இல்லை.

அனைத்தையும் கருவியின்மேற் சுமத்துதலும் பொருந்தாது. சென்னைப் படங்களின் சண்டையையும் ஆடலையும் சிறு பொருள்கொண்டு பின்பற்ற முயன்றமை, இருந்த குறையை மிகுவித்தது. மறுபுறம், தர்மசேன பத்திராஜ 1977இல் அளித்த 'பொன்மணி'யின் நிதானமான ஓட்டம் நெறியாளர் தேர்ந்த முறையாகும். அதனைக் குறைபாடெனக் கொள்ளுதல் தவறு. ஆகவே கருவிக் குறை, பயிற்சிக் குறை, கலைத்தேர்வு என மூன்றாகப் பிரித்தே மதிப்பிடல் வேண்டும்.

இம்மதிப்பீட்டிற்கு இன்று பெருந்தடையாக இருப்பது மூலப்படங்களின் இழப்பே. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த படச்சுருள்களும் அழிந்தன. மூலம் இல்லாதவிடத்து, நைந்த நாடாப்பிரதியின் மங்கலை அப்படத்தின் குறையென நாம் மயங்கவும் கூடும். அவ்வாறாயின், நெருப்பின் பழி கலைஞர் தலையில் விழும். எனவே எஞ்சிய பிரதிகளைத் தேடி வெவ்வேறிடங்களிற் பேணுதலும், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தலும் ஆய்வாளரின் உடனடிக் கடமைகளாம். தீர்ப்பு அதன் பின்னரே கூறத்தக்கது.