காணாமல் போன ‘பு’

பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் ஒரு மாலை முழுக்கச் சும்மா நின்றேன். வண்டிகளின் நெற்றியில் ‘கோயம்புத்தூர்’ என்று எழுதியிருந்தது. படிக்கட்டில் தொங்கிய நடத்துநர்கள் கூவியதோ, ‘கோயமுத்தூர், கோயமுத்தூரு, கோயமுத்தூரேய்!’ இருபது வண்டியாவது போயிருக்கும். ஒருவர் வாயிலும் ‘பு’ வரவில்லை.

டீக்கடை அம்மாவிடம் கேட்டேன். “ஏனுங்கம்மா, கோயம்புத்தூர்னு யாருமே சொல்றதில்லீங்களா?”

“அது கடுதாசில எழுதறதுக்குங் கண்ணு. வாயில சொன்னா கோயமுத்தூருதானுங்.”

அந்தப் ‘பு’ எப்போது, யாரால் போயிற்று என்று தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதல் சந்தேகம் வழக்கம்போல வெள்ளைக்காரன் மேல். ஊர்ப் பெயரைக் கெடுத்தது அவன்தான் என்பது நமக்குப் பாலோடு புகட்டப்பட்ட பாடம். தஞ்சாவூரைத் ‘தஞ்சோர்’ ஆக்கியவனாயிற்றே. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்: சி, ஓ, ஐ, எம், பி. அந்தப் ‘பி’ அங்கே நிற்கிறது. குற்றவாளிக் கூண்டில் நின்றவன் பையில்தான் களவுபோன பொருள் பத்திரமாக இருந்தது. வால்பகுதியை ‘டோர்’ என்று சிதைத்தான், உண்மை. ‘பு’வை அவன் தொடவில்லை.

அடுத்து, 1800இல் இந்தப் பக்கம் வந்த பிரான்சிஸ் புக்கானனிடம் போனேன். ஸ்காட்லாந்துக்கார மருத்துவர். முந்தின ஆண்டு திப்பு வீழ்ந்ததும், கைக்கு வந்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவர கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அனுப்பிய ஆள். மண், பயிர், தறி, வரி என்று கண்டதையெல்லாம் எழுதிக்கொண்டே நடந்தார். அது 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சானது. அதில் நம் ஊர் ‘கோயிம்பெடோர்’ என்று படிக்கும்படி இருக்கிறது. ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஈ’, மற்றபடி ‘பி’ அப்படியே. 1790-91இல் கோட்டைக்காக நடந்த சண்டையிலேயே ஊர்ப் பெயர் கம்பெனியாரிடம் அடிபடத் தொடங்கிவிட்டது. புக்கானன் காதால் கேட்டதை அல்ல, காகிதத்தில் இருந்ததைப் பின்பற்றினார் என்று நினைக்கிறேன்.

தடயம் கிடைத்தது வேறிடத்தில். வால்டர் ஹாமில்டன் 1815இல் வெளியிட்ட கிழக்கிந்திய அகராதியில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இன்னொரு வடிவம்: ‘கோயமுதூரா’ என்று படிக்கலாம். ‘பு’ இல்லை! பொள்ளாச்சி நடத்துநரின் குரல் இருநூறு ஆண்டுக்கு முன்பே அச்சில் பதிந்திருக்கிறது.

பிறகு ‘ஹாப்சன்-ஜாப்சன்’. எடின்பரோவை அடுத்த இன்வெரெஸ்க்கில் பிறந்த ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் சிவில் பணியில் இருந்த பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த சொற்களஞ்சியம். 1903இல் வில்லியம் குரூக் அதை விரித்துப் பதிப்பித்தார். அதிலும் ‘கோயம்முத்தூரு’தான். கூடவே ஒரு பொருள் விளக்கம்: கோனி என்ற அம்மன், முத்து, ஊர். படித்ததும் சிரித்துவிட்டேன். நொய்யல் கரையில் முத்துக்கு எங்கே போவது? காதில் விழுந்ததோ ‘முத்தூர்’. அகராதிக்காரர் அதைப் பிளந்து பார்த்தார், முத்து உதிர்ந்தது.

ஊர் வரலாறு எழுதிய நம்மவர்கள் பழைய வடிவமாகக் காட்டுவது கோவன்புத்தூர். கோவன் என்ற இருளர் தலைவன் காடு திருத்தி அமைத்த புது ஊர் என்பது கதை. கோவன் இருந்தானோ இல்லையோ, ஒலிக்கணக்கு சரியாக வருகிறது. கோவில் கோயில் ஆவதுபோல் கோவன் கோயன். ஒன்பது ஒம்போது ஆவதுபோல் ‘ன்பு’, ‘ம்பு’. மிச்சம் ஒரு படிதான். வேண்டும் என்பதை வேணும் என்கிறோம். ஒன்று ஒண்ணு, கன்று கண்ணு. நம் பேச்சில் மெல்லினத்துக்கு அடுத்து நிற்கும் வல்லினத்துக்கு ஆயுள் குறைவு. ‘ம்’ தன் பக்கத்துப் ‘பு’வை விழுங்கியதில் வியப்பில்லை.

இதே பசி ஸ்காட்லாந்திலும் உண்டு. ஸ்காட்ஸ் மொழியில் மரம் ‘டிம்பர்’ அல்ல, ‘டிம்மர்’. அறை ‘சேம்பர்’ அல்ல, ‘சாமர்’. இதற்கு நேர்மாறான ஊரும் அங்கே இருக்கிறது. கிளாஸ்கோவை அடுத்த கம்பர்நால்டின் கேலிக் வடிவம் ‘கோமர் நன் அல்ட்’, ஓடைகள் கூடுமிடம். அதில் ‘ப்’ கிடையாது. ஆங்கிலப் பெயரில்தான் அது நிற்கிறது. கிளாஸ்கோவின் புறநகர் ஒன்றை எழுத்துப்படி வாசித்தால் ‘மில்ன்கேவி’. அங்குள்ளவர்கள் சொல்வது ‘மல்கை’. கேட்டால் நெல்லை, தஞ்சை வரிசையில் உட்காரவைக்கலாம் போலிருக்கிறது. எழுதியபடி வாசிப்பவரை வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துகொள்வார்கள். நம் போத்தனூரும் அப்படித்தான். 1862இல் ரயில் வந்தது. நிலையப் பலகை ஆங்கிலத்தில் ஒற்றை ‘டி’ போட்டுக்கொண்டது, அதுவும் ‘டாக்’கில் வரும் டி. இன்றைக்கும் ‘போடனூர்’ என்று கேட்டு இறங்குகிறவரை ஆட்டோக்காரர் முகம் பார்த்தே அளந்துவிடுகிறார்.

இந்தக் கூத்து 2020 ஜூனில் உச்சத்துக்குப் போனது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூருக்கு ‘டி, ஹெச்’ இரண்டு ஜோடி, கடைசியில் இரட்டை ‘ஓ’. வேலூருக்குக் கொடுத்த எழுத்தை ஆங்கிலம் படித்த எவரும் ‘வீலூர்’ என்றே வாசிப்பார்கள். எதிர்ப்பு கிளம்பியது, சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. என் வருத்தம் வேறு. உச்சரிப்பைக் காப்பதாகச் சொல்லிக் காத்தது உச்சரிப்பை அல்ல, தமிழ் எழுத்தை. உச்சரிப்புதான் குறி என்றால் அந்தப் ‘பு’ இருந்திருக்கக் கூடாது. ‘கொச்சை’ என்று கோயமுத்தூரை ஒதுக்குகிறவர்களுக்கு நன்னூலைக் காட்டலாம். தேய்ந்து வழங்கும் சொல்லை அது மரூஉ என்று பெயரிட்டு இயல்பு வழக்கில் சேர்த்திருக்கிறது. கோவை என்பது கௌரவமான மரூஉ என்றால், கோயமுத்தூர் மட்டும் ஏன் வாசலில் நிற்கிறது?

இவ்வளவும் முடிந்து, பாலக்காட்டுச் சாலையில் நகரப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். நிறுத்தம் வந்தது. நடத்துநர் சொன்னதும் பலகையில் எழுதியிருந்ததும் ஒன்றே: குனியமுத்தூர்.

எத்தனையோ முறை கடந்த ஊர். அன்றுதான் பெயர் காதில் விழுந்தது. கோயமுத்தூருக்கு உடன்பிறந்தது போன்ற பெயர், அதே ‘ய’, அதே ‘முத்தூர்’. ஆனால் இதற்குப் ‘பு’ வைத்து எவரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்திலும் ‘டோர்’ இல்லை. ‘டி, ஹெச்’ போட்டு ஒழுங்காக ‘முத்தூர்’தான். மாவட்டத் தலைநகருக்குப் பேனா காவல் நின்றது. இந்தச் சிற்றூரை நாக்கின் போக்கில் விட்டுவிட்டார்கள் என்பது என் ஊகம். ஊகம் ஆவணம் ஆகாது. பழைய நிலப் பத்திரங்களிலோ கோயில் சாசனத்திலோ ஒரே ஒரு ‘குனியம்புத்தூர்’ அகப்பட்டால் போதும்.

ஆவணக் காப்பகத்துக்கு எழுதிய அடுத்த விண்ணப்பச் சீட்டில் கிராமத்தின் பெயர் கேட்ட இடத்தில் ‘குனியமுத்தூர்’ என்று எழுதினேன். ஒரு கணம் யோசித்து, பக்கத்தில் சாய்கோடு போட்டு இன்னொரு வடிவத்தையும் சேர்த்தேன். வாங்கிய எழுத்தர் இரண்டையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே ஊருங்களா சார்?” என்றார்.