பெஞ்சிலிருந்து களத்துக்கு: அமெரிக்கக் கூடைப்பந்தில் வீரர் சுழற்சி முறையின் வளர்ச்சி

முன்னுரை

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம் நடக்கிறது. களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஆக, கூடுதல் நேரம் இல்லாத ஓர் ஆட்டத்தில் பயிற்சியாளர் பங்கிட வேண்டியவை 240 நிமிடங்கள். அவற்றை யாருக்கு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு கொடுப்பது என்பதே வீரர் சுழற்சி. இன்று பெரும்பாலான அணிகள் எட்டு முதல் பத்துப் பேரை இவ்வாறு சுழற்றுகின்றன.

களைத்தவருக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடாகவே இதைக் கருதுவது வழக்கம். ஆனால் ஆள் மாற்றத்துக்கு விதி முழுமையாக வழிவிட்ட பிறகும் அணிகள் அதன் பயனை எடுத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. பெஞ்சில் இருப்பவரைப் பற்றிய பயிற்சியாளர்களின் மதிப்பீடு மாறிய பிறகே முறையும் மாறியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதிகள் திறந்த வழி

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். வகுப்பில் 18 மாணவர்கள் இருந்ததால் பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினர். அவர் எழுதிய 13 விதிகளில் மாற்று வீரரைப் பற்றிய பேச்சு ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் தடையாக. வேண்டுமென்றே காயப்படுத்தியவர் ஆட்டம் முழுவதற்கும் வெளியேற்றப்படுவார், அவருக்குப் பதில் வேறொருவர் இறங்கக்கூடாது என்கிறது ஐந்தாம் விதி. 1897இல் அணிக்கு ஐவர் என்பது நிலைபெற்றது.

அடுத்த அரை நூற்றாண்டில் தடை படிப்படியாகத் தளர்ந்தது. கல்லூரி ஆட்டங்களில் வெளியே வந்தவர் திரும்பக் களமிறங்க முடியாது என்ற நிலை 1920-21 பருவம் வரை நீடித்தது. அப்பருவத்தில் ஒரு முறையும், 1933-34இல் இரண்டு முறையும் திரும்ப அனுமதி கிடைத்தது. 1944-45இல் வரம்பே நீக்கப்பட்டது.

இடையில் 1937-38இல் வந்த இன்னொரு மாற்றமும் முக்கியமானது. ஒவ்வொரு கூடைக்குப் பின்னும் நடுக்களத்தில் பந்தை மேலே வீசி ஆட்டத்தைத் தொடரும் வழக்கம் கைவிடப்பட்டது. அதுவரை கூடை விழும்போதெல்லாம் வீரர்களுக்குக் கிடைத்த சிறு ஓய்வு போனது, ஓட்டம் கூடியது. அப்போதும் பயிற்சியாளரின் கை முழுதாக விடுபடவில்லை. டைம்-அவுட்டில் அவர் தன் வீரர்களோடு பேசவே 1948-49இல்தான் விதி இடம் கொடுத்தது.

பாஸ்டனின் ஆறாவது வீரர்

வாய்ப்புக் கிடைத்தும் பழைய நம்பிக்கை அசையவில்லை. சிறந்த வீரர் களத்தை விட்டு வெளியே வரவே கூடாது என்பது அந்த நம்பிக்கை. 1954இல் என்.பி.ஏ. 24 விநாடிக் கடிகாரத்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை வேகப்படுத்திய பிறகும் அது தொடர்ந்தது. 1961-62 பருவத்தில் பிலடெல்பியா வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லின் 80 ஆட்டங்களில் 3,882 நிமிடம் ஆடினார். சராசரி 48.5 நிமிடம், கூடுதல் நேரங்களும் சேர்ந்ததால் அது 48ஐத் தாண்டியது.

அதே காலத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் அவர்பாக் வேறு கணக்குப் போட்டார். ஃபிராங்க் ராம்சி அணியின் முதல் ஐவரில் இடம்பெறும் தகுதியுள்ளவர். அவரை வேண்டுமென்றே பெஞ்சில் அமர்த்தினார் அவர்பாக். சில நிமிடங்களில் எதிரணியின் முதல் ஐவர் களைப்பார்கள்; அவர்களுக்குப் பதிலாகத் திறன் குறைந்தவர்கள் வருவார்கள். அந்த நேரத்தில் பாஸ்டன் தரம் குறையாமல், சில சமயம் தரம் கூடியும் களத்தில் நிற்கும். ஆட்டத்தைத் தொடங்குவது யார் என்பதைவிட முடித்துவைப்பது யார் என்பதே பெரிது என்று அவர்பாக் கருதினார்.

ராம்சி 1964இல் ஓய்வு பெறுவதற்குள் அணியின் ஏழு பட்ட வெற்றிகளில் பங்கேற்றார். 1962இல் அணிக்கு வந்த ஜான் ஹாவ்லிசெக் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்தார். கார்டாகவும் ஃபார்வர்டாகவும் ஆடக்கூடியவர் என்பதால் யாருக்கு ஓய்வு தேவைப்பட்டாலும் அந்த இடத்தில் அவரை இறக்க முடிந்தது. 16 பருவங்களில் அவர் எடுத்த 26,395 புள்ளிகளே செல்டிக்ஸ் அணிக்காக ஒருவர் எடுத்தவற்றில் மிக அதிகம்.

பெஞ்சிலிருந்து முதலில் இறங்கும் இந்த ஆறாவது வீரர் பணிக்கு 1982-83இல் தனி விருதே ஏற்பட்டது. முதலில் பெற்றவர் பிலடெல்பியாவின் பாபி ஜோன்ஸ். 1986இல் பெற்ற பில் வால்டன், 1978இல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வென்றவர். அந்த அளவு பெயர் பெற்ற ஒருவரும் பெஞ்சிலிருந்து இறங்கும் பணியை ஏற்றார் என்பது, அதன் மதிப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதற்குச் சான்று.

வட கரோலினாவின் வழி

கல்லூரி ஆட்டத்தில் இந்த எண்ணத்தை வேறு திசையில் கொண்டுசென்றவர் டீன் ஸ்மித். 1961 முதல் 1997 வரை வட கரோலினா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த அவர், களைத்த வீரர் கை முஷ்டியை உயர்த்திக் காட்டித் தானே வெளியே வரலாம் என்று வைத்தார். அப்படி வந்தவர் தயாரானதும் தானே திரும்பவும் களமிறங்கலாம். களைப்பை மறைத்துப் பயிற்சியாளர் கண்ணில் பட்டவருக்கோ அந்த உரிமை இல்லை. எப்போது திரும்புவது என்பதைப் பயிற்சியாளரே முடிவு செய்வார். உண்மையைச் சொல்பவருக்கு நன்மை கிடைக்கும்படி அமைந்த ஏற்பாடு இது. அதோடு, அதிகம் வாய்ப்புக் கிடைக்காத ஐவரை ‘நீல அணி’ என்ற பெயரில் ஒன்றாக இறக்கிச் சில நிமிடம் முழு வேகத்தில் ஆடவிட்டார்.

பத்துப் பேர் சுழற்சியும் எல்லையும்

இன்றைய சுழற்சியின் நுட்பம் இந்த அடித்தளத்தில் எழுந்தது. முதல் கால்பகுதி முடிய ஒரு நிமிடம் இருக்கையில் ஒருவரை வெளியே எடுத்தால் இடைவேளையும் அவருக்கு ஓய்வாகச் சேர்கிறது. அணியின் இரு நட்சத்திரங்களும் ஒரே நேரத்தில் பெஞ்சில் இல்லாதபடி அவர்களின் நிமிடங்கள் மாற்றி மாற்றி அடுக்கப்படுகின்றன. ஆறாவது பவுலில் வெளியேற நேரும் என்பதால், தொடக்கத்திலேயே பவுல் சேர்ந்தவரை முன்கூட்டியே உட்கார வைக்கிறார்கள்.

2003-04இல் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் பயிற்சியாளர் ஹூபி பிரவுன் பத்துப் பேரைத் தொடர்ந்து சுழற்றி, 50 வெற்றிகளோடு சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றார். கல்லூரி ஆட்டத்தில் 2014-15இல் கென்டக்கியின் ஜான் கலிபாரி ஐவர் கொண்ட இரு குழுக்களை முழுமையாக மாற்றி மாற்றி இறக்கினார். பருவத்தின் நடுவில் ஒரு வீரர் காயமடைந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது. தனி வீரர்களை மாற்றுவதில் இருக்கும் நெகிழ்வு, குழுவையே மாற்றுவதில் இல்லை.

ஆட்டத்திலிருந்து பருவத்துக்கு

சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் பயிற்சியாளர் கிரெக் போபோவிச், 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்தார். 2004 ஒலிம்பிக் தங்கம் வென்ற அர்ஜென்டினா அணியின் மனு ஜினோபிலியைப் பெஞ்சிலிருந்து இறக்கினார். 2012 நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன் நான்கு முக்கிய வீரர்களை ஓய்வெடுக்க ஊருக்கு அனுப்பியதற்காக அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனாலும் அவர் தன் போக்கை விடவில்லை. 2013-14 பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரி 30 நிமிடத்தை எட்டவில்லை. பட்டம் அவர்களுக்கே வந்தது. அடுத்த ஆண்டு கோல்டன் ஸ்டேட் அணியின் ஆண்ட்ரே இகுடாலா, பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காமல் இருந்து, இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் முதல் ஐவரில் சேர்க்கப்பட்டுத் தொடரின் சிறந்த வீரரானார்.

இந்தப் போக்குக்கு எதிர்வினையும் வந்தது. நட்சத்திரங்களைக் காணப் பணம் கொடுத்து வரும் பார்வையாளரின் பக்கம் நின்று, 2023-24 முதல் லீக் ஓய்வுக்குக் கட்டுப்பாடு விதித்தது. முக்கிய விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டங்கள் என்ற நிபந்தனையும் வைத்தது.

முடிவுரை

ஆள் மாற்றம் தண்டனையோடும் காயத்தோடும் ஒட்டிய தடையாகத் தொடங்கி, ஆட்டத் திட்டமாகி, பின்னர் பருவம் முழுவதற்குமான உடல்நலக் கணக்காக விரிந்திருக்கிறது. 1944-45இல் வரம்பு நீங்கியும் 1961-62இல் ஒருவர் ஏறக்குறைய எல்லா நிமிடங்களும் ஆடினார் என்பது, விதி தானாக ஒரு முறையை உண்டாக்குவதில்லை என்பதைக் காட்டுகிறது. அவர்பாக், ஸ்மித், போபோவிச் மூவரின் வழிகள் வேறு; ஆனால் பெஞ்சில் இருப்பவருக்குத் தெளிவான வேலையும் உறுதியான நிமிடங்களும் தருவதில் மூவரும் ஒன்றுபடுகிறார்கள். பள்ளி அணிக்குப் பயிற்சி தருபவருக்கும் இந்த வரலாறு பயன்படும். ஆறாவது, ஏழாவது வீரருக்குத் தன் பொறுப்பு என்ன என்று பருவத் தொடக்கத்திலேயே சொல்லி, அதை நெருக்கடியான ஆட்டத்திலும் காப்பாற்றும் பயிற்சியாளரின் அணியே கடைசி நிமிடங்களில் தளராமல் ஆடும்.