சிம்பாஸ்ஸோ: ஒரு பெயர், பல கருவிகள்

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘நபுக்கோ’ (1842) ஓப்பராவின் இசைப்படியில், மூன்று டிராம்போன்களுக்குக் கீழே ‘சிம்பாஸ்ஸோ’ என்று ஒரு வரி ஓடுகிறது. பித்தளைக் குழுவின் அடிக்குரல் அது. எந்தக் கருவியை அங்கே உட்கார வைப்பது என்பதற்கு அந்தச் சொல்லின் வரலாறே வழிகாட்டி.

இத்தாலியில் ‘கோர்னோ இன் பாஸ்ஸோ’ என்றால் அடிக்குரல் கொம்பு. படியெடுப்போர் ‘கோர்னோ’வை ‘c’ என்ற முதல் எழுத்தாகச் சுருக்கினார்கள். அந்த எழுத்தின் பெயர் இத்தாலியில் ‘சி’. ‘சி இன் பாஸ்ஸோ’ பேச்சில் சேர்ந்து சிம்பாஸ்ஸோ ஆயிற்று என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம்.

முதலில் இப்பெயர் பெற்றது மரக்கருவி. நிமிர்த்திப் பிடிக்கும் நீண்ட குழல். விரலால் மூடும் துளைகள், சில பித்தளைச் சாவிகள், கிண்ணம் போன்ற ஊதுவாய். பெல்லினியின் ‘நோர்மா’ (1831) காலத்து சிம்பாஸ்ஸோ இந்த வகைதான். பின்னர் பாரிஸில் பிறந்த ஆஃபிக்ளைட் அதன் இடத்துக்கு வந்தது. உடல் முழுதும் உலோகம்; பெயர் மட்டும் பழையதே.

இந்த அடிக்குரல் இடத்தில் டியூபா குடும்பத்தைச் சேர்ந்த பொம்பார்தோனே ஒலிப்பது வெர்டிக்கு அறவே பிடிக்கவில்லை. அது டிராம்போன்களோடு ஒட்டாது என்று, ‘ஆயிதா’வை மிலான் அரங்கேற்றத்துக்கு ஆயத்தப்படுத்திய 1871 டிசம்பரில், பதிப்பாளர் ரிக்கோர்டிக்கு எழுதினார். ஆழ்குரல் டிராம்போன் வாசிக்க மிகக் கடினமாக இருந்தால் ஆஃபிக்ளைட் இருக்கட்டும் என்றார். பொம்பார்தோனே ஒட்டாததன் காரணம் குழலின் வடிவில் இருக்கிறது. டியூபாவின் குழல் போகப்போக விரிவதால் ஒலி பருத்து உருள்கிறது. டிராம்போனின் குழல் பெரும்பகுதி ஒரே அகலமாக ஓடுவதால் ஒலி கூர்மையாக வெட்டுகிறது. பிறகு மிலானின் பெலித்தி பட்டறை வால்வு பொருத்திய ஆழ்குரல் டிராம்போனைச் செய்துகொடுத்தது. ‘ஒதெல்லோ’வில் (1887) வெர்டி கேட்டது நான்காவது டிராம்போனைத்தான்.

இன்று கடைகளில் சிம்பாஸ்ஸோ என்று விற்பது, ஒலிவாய் முன்னோக்கிய வால்வு டிராம்போன். 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். வெர்டி சிம்பாஸ்ஸோ என்று எழுதிய கருவியைவிட, அவர் டிராம்போன் என்று எழுதிய கருவிக்கே இது நெருங்கிய உறவு.

ஆகவே சொல்லை மட்டும் பார்த்துக் கருவி எடுக்கக் கூடாது; ஓப்பராவின் ஆண்டையும் பார்க்க வேண்டும். ‘ஒதெல்லோ’வுக்கு இன்றைய சிம்பாஸ்ஸோ மிகப் பொருத்தம். ‘நோர்மா’வுக்கும் ‘நபுக்கோ’வுக்கும் ஆஃபிக்ளைடையோ பழைய மரக்கொம்பையோ தேடிப் பிடிப்பதுதான் நியாயம். அப்போதுதான் பித்தளையின் அடிக்குரல், பாடகரின் குரலை அமுக்காமல் தாங்கி நிற்கும்.