மூலமும் உரையும்: செய்நிரற் கல்வி வரலாற்றில் ஒரு நூல்

தமிழ் மக்களிடையே நூல் கற்றல் என்பது நெடுங்காலமாக மூலத்தை உரையோடு சேர்த்துக் கற்றலாகவே இருந்து வந்தது. தொல்காப்பியம் கற்பான் சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் துணைக்கொண்டான். திருக்குறள் கற்பான் பரிமேலழகரை நாடினான். சூத்திரத்தின் கருத்து இது, சொற்களின் பொருள் இது, அதற்குக் காட்டு இது எனக் கூறி, மாணவன் மனத்தெழும் ஐயத்தை வினாவாக எழுப்பி, அதற்கு விடையும் இறுப்பது உரையாசிரியர் மரபு. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றிய பின்னர், ஏட்டுச் சுவடியும் நல்லாசிரியரும் வாய்க்கப்பெறாத ஒருவனும் அந்நூலைத் தானே கற்க வழி பிறந்தது. மூலம் கைக்கு எட்டுதலும், அதனை விளக்கும் உரை உடனிருத்தலும் ஆகிய இவ்விரண்டும் கூடியபோது கல்வி பரவியது.

இம்முறை இலக்கிய இலக்கணங்களுக்கு மாத்திரமே உரியது என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று என்பதற்கு நம் காலத்துக் கணினிக் கல்வியின் வரலாறே சான்றாகும்.

கணினி இன்னின்னது செய்க என்று வரிவரியாக எழுதப்படும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்பர். அதனை எழுதக் கற்கப் புகுவோன், முதலில் ஒரு கணினி மொழியின் சொற்களையும் தொடரமைப்பையும் பயில்கின்றான். சில கிழமைகளில் அவை மனத்திற் படிந்துவிடுகின்றன. ஆயினும், ஏதேனும் ஒரு பணிக்குச் செய்நிரல் எழுதுக என்றால் அவன் திகைத்து நிற்கின்றான். யாப்பிலக்கணத்தை மனனஞ் செய்தோன் வெண்பா எழுதத் திகைப்பதை இது போலும். நல்ல செய்யுள்களைக் கல்லாதான் செய்யுள் இயற்றான். இயங்கும் செய்நிரல்களைப் படியாதான் செய்நிரல் ஆக்கான். இவ்வுண்மையைக் கற்பித்தல் முறையாக்கிக் காட்டியோருள் முதன்மையானவர் ஒஸ்திரேலிய நாட்டுப் பேராசிரியர் யோன் லயன்ஸ் ஆவர்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி என்னும் இருவர் 1969ஆம் ஆண்டிலே யூனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். கணினியின் உறுப்புக்களை ஆண்டு, ஏனைய செய்நிரல்களுக்கு இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுப்பதே பணிசெயல் முறைமையாகும். 1975ஆம் ஆண்டு வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பு பல்கலைக்கழகங்களுக்கு மூலத்துடன் குறைந்த கட்டணத்திற் கிடைத்தது. சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த லயன்ஸ், அதன் உள்ளீடாகிய பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே என்பதைக் கண்டார். ஒரு மாணவன் தன் பையில் வைத்துக்கொண்டு செல்லத்தக்கதும், ஒரு பருவத்தில் முழுவதையும் படித்து முடிக்கத்தக்கதுமான அளவு அது. பொம்மைச் செய்நிரல்களை விடுத்து, உண்மையாகவே இயங்கும் ஒன்றை முதல் வரி தொடங்கி இறுதி வரை மாணவர் கற்றல் வேண்டும் என அவர் துணிந்தார். 1976, 1977ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளை அவர் ஆக்கினார். ஒன்று வரியெண் இட்ட மூலம். மற்றையது அவ்வெண்களைச் சுட்டிச் செல்லும் உரை. நச்சினார்க்கினியரை அறியாத ஒருவர், நச்சினார்க்கினியர் சென்ற வழியிலேயே சென்றார் என்று கூறின் மிகையாகாது.

அம்மூலத்தின் 2238ஆம் வரியிலே, இப்பகுதி உமக்கு விளங்கும் என்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் பொருள்பட ஆக்கியோர் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தனர். ஒரு பணியை நிறுத்தி மற்றொரு பணிக்குக் கணினி மாறும் இடம் அது. மாணவரை இகழும் கூற்றாகப் பலர் அதனைக் கொண்டனர். பிற்காலத்தில் ரிச்சி அதற்கு விளக்கம் அளித்தார். இது பரீட்சைக்கு வராது என்னும் கருத்திலேயே அவ்வாறு எழுதியதாகவும், உண்மையில் அவ்விடத்து நிகழ்வது ஆக்கியோராகிய தமக்கே நன்கு விளங்கியிருக்கவில்லை எனவும், அம்முறை அடிப்படையிற் பிழையுடையதாதலின் பின்னர் மாற்றப்பட்டது எனவும் அவர் கூறினார். மூலம் ஆக்கியோரும் மயங்கும் இடம் உண்டு என்பதைக் கற்போன் அறிதல் பெரும்பயன் தருவது. விளங்காமை யாவும் தன் அறிவின் குறைவே என்று அஞ்சிக் கல்வியைக் கைவிடும் மாணவர் பலர். வரிவரியாகப் படிப்போனுக்கே, தன் குறை எது, மூலத்தின் குறை எது என்னும் பகுத்தறிவு உண்டாகும்.

இத்தகைய கல்விக்கு விரைவிலேயே தடை நேர்ந்தது. யூனிக்சின் வாணிகப் பெறுமதியை உணர்ந்த உரிமையாளர், 1979ஆம் ஆண்டு வெளியான ஏழாம் பதிப்பின் மூலத்தை வகுப்பிற் கற்பித்தலாகாது என உரிமப் பத்திரத்தில் விதித்தனர். லயன்சின் உரையும் உரிமம் பெற்றோர்க்கன்றிப் பிறர்க்கு வழங்கப்படாததாயிற்று. ஆயினும் கற்போர் ஓய்ந்திலர். படியினின்று படியாக, எழுத்து மங்கி மங்கிச் செல்லும் நிழற்பிரதிகள் நாடுதோறும் கைமாறின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவ்வாறு வாழ்ந்த நூல், 1996ஆம் ஆண்டிலேயே உரிமையாளரின் இசைவுடன் வெளிப்படையாக அச்சேறியது. அதன் ஆசிரியர் 1998ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மறைந்தார்.

மூலம் மூடப்பட்டதன் விளைவு பிறிதொன்றும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் அன்ட்ரூ தனன்பௌம், கற்பித்தற்கு மூலம் இன்மையால், மினிக்ஸ் என்னும் சிறு முறைமையைத் தாமே புதிதாக எழுதி 1987ஆம் ஆண்டில் பாடநூலோடு வெளியிட்டார். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நூலைக் கற்றார். 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் முறைமையை எழுதி, யாவரும் படிக்குமாறு அதன் மூலத்தைத் திறந்து வைத்தார். ஒருவர் மூலத்தைப் படித்தல் மற்றொருவர் ஆக்கத்துக்கு வித்தாகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவையெல்லாம் பிற நாட்டார் பெருமையன்றோ, இலங்கைக்கு இதிற் பங்கு யாது என வினவுவோர்க்கும் விடையுண்டு. திறந்த மூல மென்பொருளாக்கத்தில் இந்நாட்டார் ஈடுபடுதல் வேண்டும் என்னும் நோக்குடன் லங்கா மென்பொருள் மன்றம் 2003ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. காணாமற்போனோர், முகாம்களில் இருந்தோர், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து தேடுதற்குரிய சகானா என்னும் மென்பொருளைத் தொண்டர்கள் சில நாட்களிலேயே கொழும்பில் ஆக்கத் தொடங்கினர். அதன் மூலம் திறந்திருந்தமையால், 2005ஆம் ஆண்டில் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின் போதும், 2010ஆம் ஆண்டில் ஹெயிட்டியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் போதும் அம்முயற்சி பயன்பட்டது. அந்நியர் எழுதியதைப் படிக்க மட்டும் அறிந்தோராய் நாம் நின்றிலேம். நம் நாட்டார் எழுதியதையும் அந்நியர் படித்தனர். கூகிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் நடாத்திவரும் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர் பங்குபற்றுவோர் தொகையாற் பல ஆண்டுகள் உலகில் முதலிடம் பெற்றமையும் ஈண்டு நினையத்தக்கது.

இனி, தொடக்க மாணவன் மூலத்தை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பதைச் சிறிது கூறுவாம். முதலாவது, சிறியதும் இயங்குவதுமான ஒன்றைத் தெரிந்து, அதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, செய்நிரல் எங்கே தொடங்குகின்றது, உள்ளிட்ட ஒரு சொல்லோ எண்ணோ எவ்வழியாகச் சென்று விடையாக வெளிவருகின்றது என்பதைத் தாளில் எழுதிப் பின்தொடர்தல் வேண்டும். மூன்றாவது, இவ்வரியை மாற்றினால் யாது நிகழும் என முன்னரே எழுதி வைத்துப் பின்னர் மாற்றி இயக்கிப் பார்த்தல் வேண்டும். கருதியதும் நிகழ்ந்ததும் வேறாயின், அவ்விடத்திலேயே கல்வி தொடங்குகின்றது. இறுதியாக, மூலத்தை மூடிவைத்து அதே பணியைத் தானே எழுதுதல் வேண்டும். படித்தலோடு நின்றுவிடுவோனும், விளங்காது படியெடுப்போனும் ஒருபயனும் எய்தார். செய்யுளுக்கு உரை கண்டோர் தம் கருத்தைச் சோதிக்கக் கருவி பெற்றிலர். செய்நிரலுக்கு உரை காண்போனுக்கோ கணினியே உடனிருந்து ஆம், அன்று எனத் தீர்ப்புரைக்கின்றது. இப்பேறு முன்னையோர்க்கு வாய்க்காதது.

இக்காலத்தில் இயந்திரமே செய்நிரல் எழுதித் தருகின்றது. ஆதலின் கற்றல் எதற்கு என்பாரும் உளர். எழுதித் தரப்பட்டது சரியோ பிழையோ என்று அறிதற்குப் படிக்கும் ஆற்றலன்றி வேறு துணையில்லை. எழுதுவோன் எவனாயினும் உரை காண்போன் வேண்டப்படுகின்றான்.

வறுமையாலோ தொலைவாலோ பல்கலைக்கழக வாயிலை அடையாது, வெளிவாரியாகக் கற்று முன்னேறியோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு நூலும் உரையுமே ஆசிரியராயின. இன்று கொலன்னாவையில் ஒரு சிறு வீட்டில் பழைய கணினியொன்றின் முன் இருக்கும் மாணவனும், இருபது ஆண்டுகள் நிழற்பிரதியாய் ஒளிந்து வாழ்ந்த அதே மூலத்தைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தடுத்த கதவு திறந்துள்ளது. அம்மூலங்களுக்குத் தமிழில் உரை எழுதுவோர் வேண்டும். கலித்தொகையை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் நாட்டார்க்கு அஃது அரிய செயலன்று. இக்கல்லூரி மாணவருள் ஒருவரேனும் அப்பணிக்கு முன்வருவாராக.