நொய்யலின் உப்புக் கணக்கு

ஆலைகள் சுத்தமாக நடக்க அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நம் நாட்டில் நெடுங்காலமாகக் கிடைத்த பதில் சலுகை. 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1977-இல் வந்த தீர்வைச் சட்டம், சுத்திகரிப்பு நிலையம் அமைத்த ஆலைக்குத் தள்ளுபடி கொடுத்தது. 1990-களின் தொடக்கத்தில், சிறு ஆலைகள் கூட்டாகக் கட்டும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்குக் கால் பங்கு செலவை ஏற்க முன்வந்தன. இந்த வழி எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதைத் திருப்பூரின் சாயப்பட்டறை வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. சலுகை, பட்டறைக்கு வெளியே தொட்டி கட்ட உதவியது. பட்டறைக்குள் சாயமேற்றும் முறை அடியோடு மாறியதோ, கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடவே கூடாது என்று வழி அடைபட்ட பிறகுதான்.

சிக்கலின் வேர் சாயத்தைவிட உப்பில் இருக்கிறது. பருத்தி பனியன் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தண்ணீரில் உப்பு போட்டாக வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் வரைகூடப் போகும். பழைய வின்ச் எந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 15 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பு. அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. அலசும்போது அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். 1990-களில் எழுந்த முதல் பொது நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து நிறத்தைப் படிய வைத்தன. வெளியேறிய தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தது, உப்பு மட்டும் அப்படியே இருந்தது. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. ஆனால், அந்த நிலையங்களிடம் உப்பைப் பிரிக்கும் கருவியே இல்லை. பாதி அரசுப் பணத்தில் கட்டப்பட்ட நிலையம் அரசு வகுத்த அளவையே எட்ட முடியாமல் நின்றது விந்தைதான்.

விளைவு திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் போக்கில் தெரிந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. எந்த வயல்களுக்காக அணை எழுந்ததோ, அந்த வயல்களின் விவசாயிகளே அதன் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் வந்த உத்தரவு, வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதம் விதித்தது. ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டக் கெடு வைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடுக்கள் கடந்துகொண்டே போக, 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். மூடப்பட்டவை 700-க்கும் மேல்.

அதன் பிறகுதான் உப்புக்கு விலை வந்தது. சவ்வூடு வடிகட்டி தண்ணீரை மீட்டு, மிச்சத்தை ஆவியாக்கிகளில் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் முறையில், உள்ளே வரும் ஒவ்வொரு குடம் கழிவுநீரும் செலவு. எனவே பட்டறைக்காரர் தண்ணீரைக் குறைக்க வேண்டியதாயிற்று. கிலோவுக்கு ஆறேழு லிட்டரில் முடித்துவிடும் சாஃப்ட் ஃப்ளோ எந்திரத்தில், அதே அடர் நிறத்துக்கு 400 கிராம் உப்பே போதும். சாதாரண உப்பின் இடத்தில் சோடியம் சல்பேட் பரவலாக வந்தது. நிலையத்தில் மீண்ட உப்புக் கரைசல் மறுபடி சாயத்தொட்டிக்கே திரும்பியது. சாஃப்ட் ஃப்ளோ முன்பே ஊருக்குள் வந்துவிட்டது, தரத்துக்காக அதை வாங்கியவர்களும் உண்டு என்பது உண்மைதான். ஆனால், உப்பை மீட்டு மறுபடி பயன்படுத்துவது ஆறு இலவசமாக இருந்தவரை யாருக்கும் கட்டுபடியாகாத வேலை.

அரசு பணம் கொடுக்காமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். மூடலுக்குப் பிறகு தமிழக அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக ஒதுக்கியது. அது இல்லையென்றால் கூட்டு நிலையங்கள் பல எழுந்தே இருக்காது. என் வாதம் பணத்துக்கு எதிரானதல்ல, அது வந்த வரிசையைப் பற்றியது. 1990-களின் மானியம் வழி திறந்திருக்கும்போது வந்ததால் தொட்டியாக முடிந்தது. 2011-இன் கடன் வழி அடைபட்ட பிறகு வந்ததால் உப்பு மீட்பாக மாறியது. மூடலால் கூலி இழந்தவர்கள் பட்டறைத் தொழிலாளிகள்தானே என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அந்த இழப்பு உண்மை. ஆனால் அதற்குப் பொறுப்பு, இருபது ஆண்டுகள் விதியை ஏட்டில் வைத்துக்கொண்டு கெடுவைத் தள்ளிப்போட்ட நிர்வாகத்துக்கே அதிகம். 1992-லேயே உப்புக்குக் கட்டணம் வைத்திருந்தால் ஒரே நாளில் ஊரை மூட வேண்டி வந்திருக்காது. மூன்றாவது ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆவியாக்கிகள் விறகையும் மின்சாரத்தையும் விழுங்குகின்றன. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் கொட்டகைகளில் சேர்கிறது. ஆற்றுக்குப் போன கழிவில் ஒரு பங்கு இப்போது கிடங்குக்கும் புகைபோக்கிக்கும் போகிறது. அந்த மூட்டைகளுக்கும் புகைக்கும் இன்னும் யாரும் லிட்டர் கணக்கில் பைசா போடவில்லை.