வியாழக்கிழமை தோர் சாமிக்கு

வியாழக்கிழமைன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? தட்சிணாமூர்த்தி, மஞ்சள் துண்டு, கொண்டைக்கடலை மாலை. சிலருக்கு ராகவேந்திரர், சிலருக்கு சாய்பாபா. அதே வியாழக்கிழமை சாயங்காலம் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் சில வீடுகள்ல வேற ஒரு பூஜை நடக்குது. புத்தக அலமாரியில ஒரு தட்டைக் காலி பண்ணி, மெழுகுவர்த்தி ஏத்தி, சின்னதா ஒரு சுத்தியல் உருவத்தை வச்சு, ஒரு கோப்பையில பீர் ஊத்தி 'தோர்' சாமியைக் கும்பிடறாங்க. முடிஞ்சதும் அந்தப் பீரைக் கொண்டுபோய் தோட்டத்து மண்ணுல ஊத்திடுவாங்க. (நம்மாளுங்க சிலருக்கு இதைப் படிச்சதும் வயிறு எரியும் :-))

சினிமாவுல வர்ற தோர் இல்லீங்க. வட ஐரோப்பாவுல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி குடியானவனும் மாலுமியும் நிஜமாவே கும்பிட்ட இடிமின்னல் தெய்வம். இன்னிக்கு இவங்க செவ்வாய்க்கிழமை ட்யூர், புதன்கிழமை ஓடின், வெள்ளிக்கிழமை ஃப்ரிக் அல்லது ஃப்ரேயான்னு கிழமைக்கு ஒரு சாமி வச்சிருக்காங்க. கிரேக்க தெய்வங்களைக் கும்பிடறவங்களும் சில பேர் இதே மாதிரி புதனுக்கு ஹெர்மீஸ், வியாழனுக்கு ஜீயஸ், வெள்ளிக்கு அஃப்ரோடைட்டின்னு முறை வச்சிருக்காங்க.

பரம்பரையே அறுந்துபோன ஒரு சாமியை புத்தகத்தைப் பார்த்துக் கும்பிடறது பக்தியா, வேஷமா? இவங்களைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்போ எனக்கும் இந்தக் கேள்விதான் வந்தது. பதிலைத் தேடிப் போனா அது கிழமைக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு.

முதல்ல நம்ம பஞ்சாங்கத்துல இருக்கற 'ஓரை'யை எடுத்துக்குவோம். சுக்கிர ஓரை, குரு ஓரைன்னு பார்க்கறோமே, அது 'ஹோரா'ங்கற வடமொழிச் சொல். அதுக்கும் மூலம் கிரேக்க மொழி. ஒரு நாளுக்கு 24 ஓரை. சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன்ங்கற வரிசையில ஒவ்வொரு ஓரையையும் ஒரு கிரகம் ஆளும். நாளோட முதல் ஓரை யாருதோ அவர் பேர்தான் அந்த நாளுக்கு. சனிக்கிழமை முதல் ஓரை சனி. 24 ஓரையை எண்ணி முடிச்சா அடுத்த நாள் முதல் ஓரை சூரியனுக்கு வரும். அதனாலதான் சனிக்கு அப்புறம் ஞாயிறு. கிரேக்க மொழி பேசின எகிப்துப் பக்கத்து ஜோசியர்கள் உருவாக்கின கணக்கு இதுன்னு சொல்றாங்க.

கி.பி. 79ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சுபோன பாம்பெய் நகரத்துச் சுவத்துலயே இந்த நாள்களைக் கிறுக்கி வச்சிருக்காங்க. அங்கேருந்து கிழக்கே நம்ம பக்கம் வந்தது. மத்தியப் பிரதேசத்துல ஏரண்ங்கற ஊர்ல இருக்கற கி.பி. 484ஆம் வருஷத்துக் கல்வெட்டு 'தேவகுருவின் நாள்'னு வியாழக்கிழமையைச் சொல்லுது. சம்பந்தர் கோளறு பதிகத்துல கிரகங்களை அடுக்கறதும் இதே கிழமை வரிசையிலதான்.

வடக்கே ஜெர்மானிய இனங்கள் கிட்ட போனப்போ ஒரு வேடிக்கை நடந்தது. ரோமாபுரிக்காரன் சொன்ன சாமி பேரை எடுத்துட்டு அவங்க தங்களோட சாமி பேரைப் போட்டாங்க. செவ்வாய்க்குரிய மார்ஸ் போர் தெய்வம், அந்த இடத்துக்கு ட்யூர். புதனுக்குரிய மெர்க்குரி இடத்துக்கு ஓடின், அதாவது வோடன்; வெட்னஸ்டே. வியாழனுக்குரிய ஜூபிடர் இடி போடறவர், அதனால தோர், தர்ஸ்டே. வெள்ளிக்குரிய வீனஸ் இடத்துக்கு ஃப்ரிக், ஃப்ரைடே. 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது'ன்னு நாம சொல்ற அதே புதன்தான் அங்கே ஓடினோட நாள்.

சரி, பேர் வச்சாங்க. ஆனா அந்தக் காலத்துல கிழமை பார்த்துக் கும்பிட்டாங்களா? இதுக்கு சாட்சி சொல்றது பக்தர்கள் இல்ல, அவங்களைத் திட்டின பாதிரியார்கள்! கி.பி. 6ஆம் நூற்றாண்டுல தென் பிரான்சுல ஆர்ல் நகரத்து பிஷப் சீசாரியஸ், 'வியாழக்கிழமை ஜூபிடருக்காக வேலைக்குப் போகாம உக்காந்திருக்கீங்களே, பொம்பளைங்க தறியைத் தொட மாட்டேங்கறாங்களே'ங்கற ரீதியில பிரசங்கம் பண்ணியிருக்கார். அதே நூற்றாண்டுல இப்போதைய போர்ச்சுகல்ல இருக்கற பிராகாவோட பிஷப் மார்ட்டின், கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமையைத் தேடற ஜனங்களைக் கண்டிச்சிருக்கார். கோயில் போயாச்சு, பூசாரி போயாச்சு, ஞானஸ்நானம்கூட ஆயாச்சு. ஆனாலும் வியாழக்கிழமை மட்டும் மனசை விட்டுப் போகலை. போர்ச்சுகீசிய மொழியில இன்னிக்கும் திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் சாமி பேர் கிடையாது. இரண்டாவது, மூணாவதுன்னு நம்பர்தான். அந்த மாத்தத்துக்குக் காரணம் இந்த மார்ட்டின்தான்னு ஒரு மரபு உண்டு.

இப்போ ஐஸ்லாந்துக்குப் போவோம். கி.பி. 1000 வாக்குல அந்தத் தீவு ரெண்டா உடையற நிலைமை. பாதிப் பேர் கிறிஸ்தவம், பாதிப் பேர் பழைய மதம். 'ஆல்திங்'ங்கற பொதுச்சபையில முடிவெடுக்கற பொறுப்பை தோர்கெய்ர்ங்கறவர் கையில விட்டாங்க. அவர் பழைய மதக்காரர். ஒரு பகல், ஒரு ராத்திரி போர்வையைப் போத்திக்கிட்டு யார் கூடவும் பேசாம படுத்துக் கிடந்தார். எழுந்து வந்து 'நாடு ஒண்ணா இருக்கணும்னா சட்டம் ஒண்ணா இருக்கணும், எல்லாரும் கிறிஸ்தவம்'னு தீர்ப்பு சொன்னார். ஆனா வீட்டுக்குள்ள ரகசியமா பழைய சாமிக்குப் பலி கொடுத்துக்கலாம், சாட்சி இருந்தாத்தான் தண்டனைன்னு ஒரு சலுகை. சில வருஷத்துல அந்தச் சலுகையும் போச்சு.

அதோட விடலை. 1106லேருந்து 1121 வரைக்கும் ஹோலர் ஊர்ல பிஷப்பா இருந்த யோன் ஓக்முண்ட்சன், கிழமைகள்ல இருந்த சாமி பேரையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு தடுத்தார்னு அவரோட சரித்திரம் சொல்லுது. இன்னிக்கும் ஐஸ்லாந்து மொழியில செவ்வாய் 'மூணாம் நாள்', புதன் 'வார நடுநாள்', வியாழன் 'அஞ்சாம் நாள்', வெள்ளி 'விரத நாள்'. பக்கத்துல நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூணுலயும் தோர் நாள் அப்படியே இருக்கு. தோர் கதையெல்லாம் எழுதிக் காப்பாத்தின ஐஸ்லாந்துல மட்டும் இல்லை!

அந்தக் கதைகளோட முக்கியமான ஏடு 1270கள்ல எழுதின 'கோடெக்ஸ் ரெஜியஸ்'. பல நூற்றாண்டு டென்மார்க் கையில இருந்துட்டு 1971 ஏப்ரல் 21 அன்னிக்கு கப்பல்ல ரெய்க்யவிக் துறைமுகத்துக்குத் திரும்பி வந்தது. ஊரே கூடி வரவேற்றது. சரியா ஒரு வருஷம். 1972 ஏப்ரல் 20, அவங்க பஞ்சாங்கப்படி கோடை பிறக்கற நாள். ஆடு மேய்க்கற விவசாயியும் கவிஞருமான ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன், சில நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு 'ஆசாத்ரு' சங்கத்தை ஆரம்பிச்சார். பழைய தெய்வங்கள் மேல நம்பிக்கைன்னு அர்த்தம்.

அரசாங்க அங்கீகாரம் கேட்டு மந்திரியைப் பார்க்கப் போனார். அவர் ஏதோ தமாஷ்னு நினைச்சாராம். இவங்க வெளியே வந்த கொஞ்ச நேரத்துல இடி இடிச்சு ஊர்ல ஒரு பகுதிக்குக் கரண்ட் போச்சுன்னு ஒரு கதை இன்னிக்கும் சொல்றாங்க. தோர் சாமி சிபாரிசு பண்ணிட்டார்! தேவாலயத் தரப்புல எதிர்ப்பு இருந்தும் 1973ல அங்கீகாரம் கிடைச்சது. கல்யாணம் பண்ணி வைக்கலாம், அது சட்டப்படி செல்லும். அதே வருஷம் ஸ்வைன்பியோர்னோட பண்ணையில எல்லாரும் பார்க்க வெளிப்படையா பூஜை போட்டாங்க. நாலு லட்சம் பேரைத் தொடற அந்த நாட்டுல சங்கத்து உறுப்பினர்கள் இப்போ அஞ்சாயிரத்துக்கும் மேல. 2015ல ரெய்க்யவிக்ல கோயில் கட்டற வேலையும் ஆரம்பமாச்சு.

கிரேக்கத்துக் கதை வேற மாதிரி. நம்ம பாஷையில சொன்னா, பழைய கிரேக்கர்களுக்குக் கிழமை கிடையாது, திதிதான். பிறை தெரியற முதல் நாள் 'நூமீனியா', வீட்டு சாமிகளுக்குப் படையல். நாலாம் நாள் ஹெர்மீசுக்கும் அஃப்ரோடைட்டிக்கும். ஆறாம் நாள் ஆர்ட்டெமிஸ், ஏழு அப்போலோ, எட்டு பொசைடன். நமக்கு சதுர்த்தி பிள்ளையாருக்கு, சஷ்டி முருகனுக்குங்கற மாதிரி. மாசக் கடைசி இருட்டு நாள்ல வீட்டைச் சுத்தம் பண்ணி, முச்சந்தியில ஹெக்கட்டி தெய்வத்துக்குச் சாப்பாடு வைப்பாங்க. அமாவாசையன்னிக்கு முச்சந்தியில பூசணிக்காய் உடைக்கற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த நாள் எதுக்கு ஆகும்னு ஹெஸியட் தன்னோட நூல்ல கடைசியா ஒரு பட்டியலே போட்டிருக்கார். அதுக்கு வயசு ஏறக்குறைய 2,700 வருஷம்.

இதுக்கு முடிவு கட்டினது ரோமப் பேரரசர் தியோடோசியஸ். கி.பி. 392 நவம்பர்ல வந்த அவரோட சட்டம் கோயில் பலியை மட்டும் தடுக்கலை. வீட்டுக்குள்ள விளக்கேத்தக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது, குல தெய்வத்துக்கு மது வார்க்கக் கூடாது. ஒரு பேரரசு வீட்டு மாடத்தைப் பார்த்து அவ்வளவு பயந்திருக்கு. பெரிய கோயிலை இடிக்கலாம், வீட்டு விளக்கை எப்படி அணைக்கறது?

நடுவுல 15ஆம் நூற்றாண்டுல பிளெத்தோன்ங்கற கிரேக்கத் தத்துவ அறிஞர், ஜீயஸ் முதலான தெய்வங்களுக்கு தினமும் காலை, மதியம், மாலைன்னு பிரார்த்தனை முறையே எழுதி வச்சார். அவர் செத்த பிறகு கிறிஸ்தவத் தலைமைகுரு அந்தப் புத்தகத்தை எரிக்கச் சொல்லிட்டார். துண்டு துண்டாத்தான் மிச்சம். 1997ல ஏதென்ஸ்ல ஒரு அமைப்பு உருவாச்சு. கிரேக்க மரபு மதத்துக்கான உச்ச சபைன்னு வச்சுக்கலாம். 2007 ஜனவரியில 'எல்லினைஸ்'ங்கற இன்னொரு குழு ஏதென்ஸ் ஜீயஸ் கோயில் இடிபாட்டுல பூஜை பண்ணப்போ உலகமே திரும்பிப் பார்த்தது. 2017ல அந்த உச்ச சபைக்கு அரசு அங்கீகாரம் கிடைச்சது. அங்கேயும் இப்போதைய கிரேக்க மொழியில திங்கள் 'இரண்டாவது', செவ்வாய் 'மூணாவது', புதன் 'நாலாவது', வியாழன் 'அஞ்சாவது', வெள்ளி 'ஆயத்த நாள்'. சாமி பேர் ஒண்ணுகூட இல்லை.

ஆக, அந்த சாமிகளோட சொந்த ஊர் ரெண்டுலயும் கிழமையிலேருந்து சாமியைத் துரத்தியாச்சு. இங்கிலீஷ்ல பிழைச்சுக் கிடந்த பேரைப் பிடிச்சுக்கிட்டு தூர தேசத்துல யாரோ விளக்கேத்தறாங்க. இதை வச்சு அவங்களுக்குள்ளயே சண்டையும் உண்டு. 'ஜீயசுக்கு வியாழக்கிழமையா? பழைய ஏதென்ஸ்ல ஏது கிழமை? பிறையைப் பாரு'ன்னு ஒரு கட்சி. 'பிறை பார்த்தா ஆபீஸ்ல லீவு கொடுப்பானா?'ன்னு இன்னொரு கட்சி. வரலாற்றுப்படி முதல் கட்சி சொல்றது சரிதான். ஆனா எனக்கு ரெண்டாவது கட்சியோட கஷ்டம் நல்லாவே புரியுது. இவங்கள்ல நிறைய பேருக்குக் கூடக் கும்பிட ஆள் கிடையாது. அம்மா சொல்லிக் கொடுக்கலை, தெருவுல கோயில் இல்லை. வருஷத்துக்கு ஒரு திருவிழா மட்டும் வச்சா அது வேஷமாப் போயிடும். வாரா வாரம் அலுப்பா இருக்கும்போதும் பண்ணினாத்தான் அது பழக்கமாகும். நம்ம வீட்டு வெள்ளிக்கிழமை விளக்குகூட அப்படித்தானே நிக்குது?

இன்னொரு விஷயத்தையும் சொல்லாம விட முடியாது. இந்த ஓடினையும் ரூனிக் எழுத்துகளையும் ஹிட்லர் கூட்டம் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆடினது. இன்னிக்கும் 'வெள்ளைத் தோல் இருந்தாத்தான் இந்த சாமி'ன்னு சொல்ற குழுக்கள் இருக்கு. ஐஸ்லாந்து சங்கம் அதை ஒத்துக்கலை. ஒரே பால் ஜோடிகளுக்கும் கல்யாணம் பண்ணி வைப்போம்னு அவங்க சொன்னதுக்காக 2015ல வெளிநாட்டுலேருந்து வெறுப்பு மடல்கள் வந்ததாம். ரத்தத்துல சாமியைத் தேடறவன் ஒரு பக்கம், வாரா வாரம் ஒரு கோப்பை வார்த்து சாமியைத் தேடறவன் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் சொல்றது ஒரே பேர்தான். என்னைக் கேட்டா, ரெண்டாமத்தவனுக்குத்தான் அந்தப் பேர் மேல உரிமை. ஏன்னா பிஷப் சீசாரியஸ் திட்டினது இவனை மாதிரி ஆளைத்தான்: ரத்தப் பெருமை பேசினவனை இல்லை, வியாழக்கிழமை தறியைத் தொட மாட்டேன்னு நின்ன சாதாரண ஜனத்தை.

அதனால பக்தியா, வேஷமான்னு கேட்டா என் பதில், பத்து வருஷம் கழிச்சும் அந்த வீட்டுல வியாழக்கிழமை விளக்கு எரியுதான்னு பாருங்க. பரம்பரை எல்லாத்துக்கும் எங்கேயோ ஒரு முதல் வியாழக்கிழமை இருந்திருக்கும்.

சரி மக்களே, உங்க வீட்டுல கிழமைக் கணக்கா, திதிக் கணக்கா? எந்தக் கிழமைக்கு எந்த சாமி, ஏன்னு பாட்டி ஏதாவது காரணம் சொல்லியிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. ஊருக்கு ஊர் மாறும், சேர்த்து வச்சா நமக்கே ஒரு வரலாறு கிடைக்கும்.